பாலில்லாத டீ வீட்டில் ருசிக்க வேண்டுமானால்: உங்கள் அனுபவம் என்ன?

தாம்வே வாசி

பால் டீ குடிக்க ரங்கூனில் மூலைக்கு மூலை கடை இருக்கிறது. கண்டென்ஸ்டு பாலும் எவாபரேட்டட் பாலும் ஊற்றி, ச்சோ செய்ன் கேட்டால் இனிப்பாகவும் ச்சா செய்ன் கேட்டால் திடமாகவும் ஆற்றிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் நாம் அவர்களோடு போட்டிபோட வேண்டியதில்லை. நான் பேச நினைப்பது வெறும் டீயைப் பற்றி. பால் விடாத, நன்றாகச் சிவந்த, குடித்த பிறகு தொண்டையைப் பிடிக்காத டீ.

பால் இருந்தால் பாதிக் குறை மறைந்துவிடும். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் டீக்கு அந்தத் தயவு கிடையாது. தண்ணீர், தூள், ஊறும் நேரம் ஆகிய மூன்றில் எது பிசகினாலும் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். இந்த மூன்றில் தூளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். என்னைக் கேட்டால் தண்ணீருக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் ஆழ்குழாய்க் கிணறுதான். இறைத்தவுடன் தண்ணீர் தெளிவாக இருக்கும். வாளியில் ஓர் இரவு நின்றால் அடியில் செம்பழுப்பாகப் படியும். அது இரும்பு. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் சிவப்பே வராது. சாம்பல் பூத்த கறுப்பாகத்தான் வரும். டம்ளரைச் சாய்த்தால் மேலே ஊதா மினுக்கத்தோடு ஒரு மெல்லிய ஏடு நகரும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் டம்ளருக்குள்ளும் நடக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும்.

பக்கத்து வீட்டு அத்தை இது தெரியாமல் கடை கடையாகத் தூளை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவருடைய தூளையே வாங்கி, கடையில் விற்கும் 20 லிட்டர் குடுவைத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது என் தூளாடா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தூளைப் பற்றிய புகார் எழவில்லை.

குடுவைத் தண்ணீர் வாங்க முடியாதவர்கள், கிணற்றுத் தண்ணீரை ஒரு பானையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து சில முறை மாற்றி ஊற்றுங்கள். காற்றுப் பட்டால் இரும்பு துருவாகித் திரண்டு கீழே இறங்கும். இரவு முழுதும் அசைக்காமல் வைத்து, காலையில் மேல் தண்ணீரை மட்டும் மடித்த துணியில் வடித்துக்கொள்ளுங்கள். நிறத்திலேயே வித்தியாசம் தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

மோல்மேன் மருமகள்

அண்ணா, தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊருக்குக் கவலையே இல்லை. மே மாதம் தொடங்கினால் வானம் விடுவதில்லை. ஓட்டின் விளிம்பில் தகரப் பீலி கட்டி, மெருகு போட்ட பெரிய மண்சாடிகளில் மழைநீர் பிடித்து வைக்கிறோம். முதல் சில மழைகள் கூரையைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். அதன் பிறகு பிடித்த தண்ணீரை மூடி வைத்தால் கோடை வரை டீக்கு ஆகும். மழைநீரில் சுண்ணாம்பும் இல்லை, இரும்பும் இல்லை. டீயின் நிறம் மாதுளைச் சாறாக இறங்கும்.

ஆனால் நேரமும் தண்ணீருக்குக் குறைந்ததல்ல என்பேன். பிறந்த வீட்டில் தண்ணீரோடு தூளைப் போட்டு, பொங்கிப் பொங்கி அடங்கும் வரை கொதிக்கவிடுவார்கள். பால் டீக்கு அது பொருந்தும். வெறும் டீயை அப்படிக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய், துவர்ப்பு மட்டும் மிஞ்சும். இங்கே என் மாமியாரின் கை வேறு. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்குவார். ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி தூள், மேலே தட்டு, அதன் மேல் மடித்த துணி. பொடித்தூள் என்றால் மூன்று நிமிடம், இலைத்தூள் என்றால் ஐந்து. பிறகு உடனே வடித்துவிட வேண்டும். ‘அப்புறம் வடிக்கலாம்’ என்ற பேச்சே அவரிடம் கிடையாது. திடம் வேண்டுமா, தூளைக் கூட்டு, நேரத்தைக் கூட்டாதே என்பார். நான் அவரிடம் கற்ற சமையல் பாடங்களில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

இஞ்சி சேர்ப்பதானால் தூளுக்கு முன்பே தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். இஞ்சிக்குக் கொதி வேண்டும், தூளுக்குக் கொதி ஆகாது. இரண்டையும் ஒன்றாகப் போடும்போதுதான் குழப்பம் வருகிறது. ஏலக்காயைத் தோலோடு தட்டி, தூளோடு சேர்த்து மூடி வைத்தால் போதும்.

சர்க்கரையை நாங்கள் டீயில் கரைப்பதில்லை. பகான் பக்கத்திலிருந்து வரும் பனைவெல்லக் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, டீயை மேலே ஓடவிடுவோம். கருப்பட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பெகு ஆசிரியர்

இரண்டு பேரும் எலுமிச்சையை மறந்துவிட்டீர்கள். வடித்த டீயில் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால், கறுப்பாக இருந்தது கண்ணெதிரே பொன்னிறமாகும். புளிப்பு ஏறினால் டீயின் நிறப்பொருள் வெளிறும். அதே டீயில் சோடா உப்பு பட்டால் கருஞ்சிவப்பாகும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் பாடத்தை நான் டீயை வைத்துத்தான் நடத்துகிறேன்.

நிறம் வர வேண்டும் என்று சிலர் சோடா உப்பு போடுகிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. நிறம் வரும், சுவை சவர்க்காரமாகிவிடும். எலுமிச்சையையும் அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள், கசக்கும்.

தௌஞ்ஜி தூள் வியாபாரி

அப்பா காலத்திலிருந்து தூள் விற்பதால் இலையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வடக்கு ஷான் மலையில் நாம்சான் பக்கம் தஆங் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வளர்க்கிறார்கள். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன், மழை விழாத நாட்களில் கிள்ளும் முதல் கொழுந்துக்கு ஷ்வே பி என்று பெயர். விலையும் அதற்குத்தான் அதிகம். மழைக்காலத்து இலை வேகமாக நீண்டு வளர்ந்துவிடும். தண்ணீர் மிகுந்து சுவை நீர்த்திருக்கும். 2023 இறுதியில் அந்தப் பகுதியில் சண்டை மூண்ட பிறகு, நல்ல சரக்கு எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்று உறுதி சொல்ல முடியாத நிலை. வந்த சரக்கை வந்த அன்றே வாங்கிக்கொள்கிறோம்.

குச்சி குச்சியாகச் சுருண்டிருப்பது இலைத்தூள். கடுகு போல உருண்டிருப்பது பொடித்தூள், இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டியது. நிறம் சட்டென்று இறங்கும், துவர்ப்பும் சட்டென்று இறங்கும். வெறும் டீக்கு நான் இலைத்தூளைத்தான் கொடுப்பேன். பொடித்தூளே வேண்டும் என்றால் மோல்மேன் தங்கை சொன்ன மூன்று நிமிடத்தைத் தாண்டாதீர்கள். டீ சோதிப்பவர்களுக்கு 1980-ல் வந்த உலகத் தர முறை ஒன்று இருக்கிறது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அந்த டீயைக் குடித்தால் முகம் சுளிக்கும். அது இலையின் குறையை வெளியே இழுப்பதற்கான அளவு, வீட்டில் யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

எங்கள் ஊர் 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். ஆகவே மலைவாசிகள் ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிடலாம். ரங்கூனிலிருந்து வரும் உறவினர்கள் ‘அதே தூள் இங்கே இளசாக இருக்கிறதே’ என்று கேட்பது இதனால்தான்.

சாயத் தூளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2009-ல் ஆரமைன் ஓ என்ற துணிச்சாயம் இருந்ததால் ஊறவைத்துத் தின்னும் தேயிலை வகைகள் பலவற்றை இந்நாட்டில் தடைசெய்தார்கள். அன்றிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் நான் பார்த்துத்தான் இறக்குகிறேன். நீங்களும் பார்க்கலாம். வெள்ளைக் காகிதத்தை நனைத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். சற்று நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள். நல்ல தூள் மங்கலான கறைதான் விடும். சாயம் ஏற்றியது பளிச்சென்று மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ புள்ளி புள்ளியாகப் பரவும்.

பத்திரப்படுத்துவதில் நம் தமிழ் வீடுகளில் ஒரு பழக்கம் கண்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், தூளில் மருந்து வாடை அடிக்கிறது என்று டப்பாவோடு வந்தார். மோந்து பார்த்தேன், கற்பூரம். பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் டப்பாவை வைத்திருக்கிறார். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். கற்பூரம், சாம்பிராணி, ஙாப்பி என்ற மீன் விழுது, கருவாடு, மசாலா எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணாடிப் புட்டியைவிட இறுக மூடும் தகர டப்பா நல்லது. மழைக்காலத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

காளியம்மன் கோயில் தெரு

எனக்கு டீ கற்றுக்கொடுத்தவர் ரங்கூன் அனவ்ரதா சாலைக் கடையொன்றில் டீ கலக்கும் அப்யோ சயா. தமிழ் தெரியாத பர்மியப் பெரியவர். காலையில் அவர் கை நிற்கவே நிற்காது. கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில் தனக்காக ஒரு கோப்பை போட்டார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. இரண்டு விரல் நுனியில் உப்பை எடுத்து, கோப்பையின் மேல் விரல்களைத் தேய்த்தார். விழுந்தது நாலைந்து துகள்தான் இருக்கும். உப்புக் கரித்தால் அது தப்பு, கசப்பு போனால் சரி என்றார். எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார். கசப்பு போய், இலையின் மெல்லிய இனிப்பு மேலே வந்திருந்தது.

2024 ஜனவரியில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் மிஷேல் ஃபிராங்கல் டீயில் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னபோது பிரிட்டனில் பெரிய சர்ச்சை எழுந்தது. லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகமே அறிக்கை விட்டது. எனக்கு வியப்பாக இல்லை. உப்பிலுள்ள சோடியம் நாக்குக்குக் கசப்புத் தெரியாமல் செய்கிறது என்று அவர் சொன்ன காரணத்தை எங்கள் பெரியவர் விரல் நுனியிலேயே வைத்திருந்தார்.

இஞ்சி, ஏலக்காய், பட்டை வாங்குகிறவர்கள் கோயிலுக்குப் பக்கத்திலேயே, பழையவர்கள் சூரத்தி பஜார் என்று சொல்லும் தெய்ன்ஜி செய்யில் பாருங்கள். பட்டையைக் குறைவாகப் போடுங்கள், டீயை விழுங்கிவிடும்.

மெய்த்திலா தம்பி

எங்கள் பக்கம் இரும்பு இல்லை, ஆனால் தண்ணீர் உப்புக் கடுமை. கெட்டிலுக்குள் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறது, டீயின் மேல் எண்ணெய் மாதிரி ஏடு படிகிறது. இன்னொன்று: மின்சாரம் இருக்கும்போதே டீ போட்டு ஃபிளாஸ்கில் வைத்துக்கொள்கிறோம். மாலையில் குடிக்க முடியாத கசப்பு. கடை மேசையில் இருக்கும் யேநுவேஜான் என்ற வெறும் டீ மட்டும் நாள் முழுவதும் நன்றாக இருக்கிறதே, எப்படி?

தௌஞ்ஜி தூள் வியாபாரி

தம்பி, யேநுவேஜான் பச்சைத் தேயிலை. அதை மிக இளசாகப் போடுகிறார்கள், அதனால் தாங்குகிறது. நம் சிவப்பு டீயை இலையோடு ஃபிளாஸ்கில் அடைத்தால் கசக்கத்தான் செய்யும். நன்றாக வடித்து, கொதிநீர் விட்டு அலசிய ஃபிளாஸ்கில் ஊற்று. எலுமிச்சை, சர்க்கரை எதையும் உள்ளே போடாதே, குடிக்கும்போது சேர்த்துக்கொள். முன்பு பால் டீ ஊற்றிய ஃபிளாஸ்க் என்றால் அதன் வாடை போகாது, வெறும் டீக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள். இன்னொரு வழி, கொதிநீரை மட்டும் ஃபிளாஸ்கில் வைத்து, குடிக்கும் நேரத்தில் தூளைப் போடுவது. சூடு கொஞ்சம் குறைந்திருக்கும். இன்னும் ஓரிரு நிமிடம் கூட ஊறவிடு.

கடினத் தண்ணீரை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவை. சுண்ணாம்பில் ஒரு பகுதி பொருக்காகப் படிந்துவிடும். மேல் தண்ணீரை இறுத்து, மறுபடி ஒரு கொதி வந்ததும் டீ போடு. ஏடு வெகுவாகக் குறையும். மிச்சம் இருந்தால் பெகு ஐயாவின் எலுமிச்சை பார்த்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரே கரிக்கிறது என்றால் கொதிக்கவைத்துப் பயனில்லை. உப்பு அப்படியேதான் இருக்கும். அதற்கு மழைநீர் அல்லது குடுவைத் தண்ணீர் தவிர வழி இல்லை. கெட்டிலின் வெள்ளைப் பொருக்குக்குக் கொஞ்சம் வினிகரும் தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவு, கம்பி நார் போட்டுச் சுரண்டாதே.