பழைய வீணை 55,000 ரூபாய் பெறுமா? நாளைக்குள் பதில் வேண்டும்

கரோல்பாக் அம்மா:
தில்லியில் பழைய வீணை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 55,000 கேட்கிறார்கள். நாளை மாலைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுமாம். வாங்கலாமா?

முனிர்க்காவாசி:
எந்த வீணை? இந்த ஊரில் வீணை என்றால் இந்துஸ்தானி இசைக்கான ருத்ர வீணையையும் எடுத்துக் காட்டுவார்கள். துண்டுகளை இணைத்த ஒட்டு வீணையா, ஏகாண்டமா? தந்தியை அழுத்தும் உலோக மெட்டுகளைக் கடைசியாக வைத்தது எப்போது? படம் ஒன்றாவது போடக் கூடாதா?

நாதரசிகன்:
ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுப்பதற்கு முன் அந்த வாத்தியத்தைப் பற்றி இரண்டு பக்கமாவது படித்திருக்கலாம். பொறுமை இல்லாத வீட்டில் வீணை பரணுக்குத்தான் போகும். பார்த்திருக்கிறேன்.

பலாமரம்:
ஏகாண்டம் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ஒரே பலா மரத்தில் குடைந்தது. அந்த நாதம் ஒட்டு வீணையில் வராது.

முனிர்க்காவாசி:
கொஞ்சம் யோசியுங்கள். குடத்தின் பக்கம் கண்ணை வைத்து மறுமுனையில் உள்ள யாளித் தலை வரை நீளவாக்கில் பாருங்கள். இடையில் உள்ள நீண்ட கழுத்தான தண்டி வளைந்திருந்தால் ஏகாண்டமும் விறகுதான். பிறகு முதல் தந்தியான சாரணியை மெட்டில் அழுத்தாமல் மீட்டுங்கள், 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேச வேண்டும். பேசவில்லை என்றால் மெட்டுகள் நகர்ந்திருக்கின்றன. தில்லி வெயிலில் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகும். என் வீணைக்கே ஒரு மே மாதம் அப்படி ஆனது. சிதார் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகாதீர்கள். சிதாரில் மெட்டைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள், தள்ளி வைக்கலாம். வீணையில் மெழுகைப் பெயர்த்துப் புதிதாக வைக்க வேண்டும். அதற்குத் தஞ்சாவூர்க் கைக்காரர் வேண்டும். அவருடைய பயணச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பலாமரம்:
மெட்டுக் கதையெல்லாம் சரி. நாதத்துக்கு மரம்தானே அடிப்படை?

மயிலை மாமி:
முப்பது வருடமாக ஒட்டு வீணைதான் வாசிக்கிறேன். நாதம் இல்லை என்று யாரும் எழுந்து போனதில்லை. ஏகாண்டம் என்ற பெயருக்கே தனி விலை வைக்கிறார்கள்.

பலாமரம்:
மாமி, பழகிய காதுக்கு எல்லாம் இனிக்கும்.

மயிலை மாமி:
உங்கள் காதுக்கு மரத்தின் சாதியும் கேட்கிறதா?

கரோல்பாக் அம்மா:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். சரஸ்வதி வீணைதான், 24 மெட்டு. ஒன்பது வயது மகளுக்கு. ஒட்டா என்று கேட்கவில்லை. குடத்தைச் சுற்றி வெள்ளைப் பூவேலை இருக்கிறது. அசல் தந்தம், அதனால்தான் இந்த விலை என்றார் விற்பவர்.

முனிர்க்காவாசி:
இதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! தந்தம் என்றால் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தை நிறுத்தியது. ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லித் தப்பித்தவர்களுக்கு 1991இல் வழி அடைபட்டது. மான் கொம்பு என்று மாற்றிச் சொன்னாலும் அதே சட்டத்தில்தான் சிக்கும்.

நாதரசிகன்:
எங்கள் பாட்டியின் வீணையிலும் தந்த வேலைப்பாடு உண்டு. இதுவரை எந்த அதிகாரியும் வந்து கதவைத் தட்டவில்லை.

முனிர்க்காவாசி:
ஐயா, நீங்கள் அதை விற்கவில்லை. இவர் பணம் கொடுத்து வாங்கப் போகிறார்.

மயிலை மாமி:
பெரும்பாலும் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். இப்போதெல்லாம் அதில்தான் பூவேலை செய்கிறார்கள். அம்மா, ஒன்பது வயதுக்கு நாலடி வீணை கனம். முதலில் குழந்தையை அழைத்துப்போய் மடியில் வைத்துப் பாருங்கள்.

கரோல்பாக் அம்மா:
போய்விட்டு வந்தேன். தந்தம் என்றால் சட்டச் சிக்கலாமே என்றேன். உடனே பிளாஸ்டிக்தான் என்றார். 38,000க்கு இறங்கினார். முன்பணம் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

முனிர்க்காவாசி:
தண்டியைப் பார்த்தீர்களா? 12ஆம் மெட்டு?

பலாமரம்:
ஒட்டா, ஏகாண்டமா என்றாவது சொல்லுங்கள்.

முனிர்க்காவாசி:
ஒரு வாரம் ஆகிறது. அம்மா, இருக்கிறீர்களா?