நிறமும் வெளிச்சமும் அளக்கும்போது சந்திக்கும் சிக்கல்கள்

திரையில் செய்முறை காட்டுபவர்:

பார்வை ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் 1995-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம் பலருக்கும் தெரியும். உருளையின் நிழலுக்குள் இருக்கும் ‘பி’ கட்டம் வெளிராகவும், வெளியே இருக்கும் ‘ஏ’ கட்டம் அடர்த்தியாகவும் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே சாம்பல். இதை நிரூபிக்கப் போகும் இடத்தில்தான் காரியம் கெடுகிறது.

கறுப்பு அட்டையில் இரண்டு ஓட்டை போட்டுத் திரைமேல் ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஓட்டை கட்டத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டத்தின் ஓரம் துளி தெரிந்தாலும் மாயை திரும்பி வந்துவிடும். அச்சிட்டுக் காட்டினால், பிரிண்டர் அமைப்பில் ‘படத்தை மேம்படுத்து’ என்கிற வசதியை முதலில் அணையுங்கள். அது நிழற்பகுதியைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடும், அப்புறம் இரண்டு கட்டமும் நிஜமாகவே வேறு வேறு சாம்பல்தான். புரொஜெக்டரில் நடுப்பகுதி ஓரங்களைவிட வெளிச்சமாக இருக்கும். பழைய மலிவு லேப்டாப் திரைகளில் மேலும் கீழும் பார்க்கும் கோணம் மாறினாலே வெளிச்சம் மாறும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை பார்த்தால் குற்றம் திரையுடையதா, கண்ணுடையதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று: உருளையையும் நிழலையும் எடுத்துவிட்டால் மாயை முழுதாகப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். குறையும், அவ்வளவுதான். ‘பி’யைச் சுற்றி அடர்கட்டங்கள் இருக்கும்வரை அது கொஞ்சம் வெளிராகத்தான் தெரியும்.

அளவீட்டுப் பக்கத்தில் இருப்பவர்:

காட்டுவதோடு நிறுத்தாமல் எவ்வளவு ஏமாறுகிறோம் என்று அளக்க விரும்புகிறவர்களுக்கு என் குறிப்பு. திரையில் இரண்டு சாம்பல் வட்டம் வையுங்கள். ஒன்றின் பின்னணி அடர்த்தி (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணினி அளவில் மதிப்பு 40), மற்றொன்றின் பின்னணி வெளிர் (210). முதல் வட்டம் 128-இல் நிலையாக இருக்கட்டும். பார்ப்பவர் இரண்டாவதைக் கூட்டிக் குறைத்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். தொடக்க மதிப்பை ஒருமுறை மிக அதிகமாகவும் அடுத்தமுறை மிகக் குறைவாகவும் வையுங்கள். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் கை சீக்கிரமே நின்றுவிடும், விடை அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். இடவலமும் மாற்றுங்கள். உற்றுப் பார்க்கக் கூடாது. ஓரிரு நொடி பார்த்ததும் நடுத்தரச் சாம்பல் திரைக்கு மாறிவிடுங்கள், இல்லையென்றால் பின்பிம்பம் (பார்த்ததன் சாயல் கண்ணில் தங்குவது) வந்து அடுத்த விடையைக் கெடுக்கும்.

இனி எண் கணக்கு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 0 முதல் 255 வரை உள்ள மதிப்பு ஒளியின் அளவு அல்ல. வழக்கமான எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளுக்கான பொது நிறத் தரம்) திரையில் 128 என்பது வெள்ளையின் ஒளியில் பாதி இல்லை, ஏறக்குறைய 22 சதவீதம்தான். பாதி ஒளி வேண்டுமென்றால் 188 வரை போக வேண்டும். பார்ப்பவர் 150-இல் நிறுத்தினார் என்றால், 128-ஐயும் 150-ஐயும் நேராகக் கழித்து, ‘இத்தனை சதவீதம் ஏமாற்றம்’ என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. முதலில் ஒளிர்வாக மாற்றுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். ஒளிமானி கையில் இருந்தால் திரையை நேரடியாக அளப்பதே நல்லது. திரையை இயக்கி அரைமணி நேரம் கழித்து அளக்க வேண்டும்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும். ‘எந்தக் கட்டத்தில் பூசிய சாயம் வெளிர்?’ என்பது ஒரு கேள்வி. ‘எந்த இடத்திலிருந்து கண்ணுக்கு அதிக ஒளி வருகிறது?’ என்பது வேறு கேள்வி. அரெண்ட், ரீவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் நிறத்தை வைத்து இதைக் காட்டினார்கள். ஒரே காட்சிதான். ஆனால் ‘ஒரே காகிதத்தில் வெட்டியதுபோல் ஆக்குங்கள்’ என்றபோதும், ‘நிறமும் செறிவும் ஒன்றாகத் தெரியும்படி ஆக்குங்கள்’ என்றபோதும் பொருத்தம் வேறு இடத்தில் விழுந்தது. அறிவுறுத்தலை எழுதி வைத்து, எல்லாருக்கும் அதே சொற்களில் வாசித்துக் காட்டுங்கள்.

மினுக்கல் முறை தெரிந்தவர்:

மேலே சொன்னது சாம்பலுக்குப் பொருந்தும். சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்து ‘எது வெளிச்சம்’ என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும். அதற்கு மினுக்கல் முறைதான் சரி. ஒரே வட்டத்தில் இரண்டு நிறத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் இரண்டு ஃபிரேம் சிவப்பு, இரண்டு ஃபிரேம் பச்சை என்று வைத்தால் நொடிக்கு 15 சுற்று. சிவப்பு நிலையாக இருக்க, பச்சையைக் கூட்டிக் குறையுங்கள். ஓரிடத்தில் துடிப்பு ஏறக்குறைய அடங்கிவிடும், அதுவே சம ஒளிர்வு. நிற வேறுபாட்டைக் கடத்தும் நரம்புத் தடம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, ஒளிர்வைக் கடத்தும் தடம் ஈடுகொடுக்கும். அதனால் எஞ்சும் துடிப்பு முழுக்க ஒளிர்வு வேறுபாடுதான்.

வட்டத்தின் அளவு முக்கியம். 57 செ.மீ. தொலைவில் 1 செ.மீ. என்பது கண்ணுக்கு 1 பாகை. 2 செ.மீ. வட்டத்தை நேராகப் பார்த்தால் சி.ஐ.இ. (ஒளி, நிற அளவீட்டுக்கான சர்வதேச அமைப்பு) 1931 தரத்தில் சொல்லும் 2 பாகை கிடைக்கும். வட்டம் பெரிதானால் விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் நிறமியைத் தாண்டிப் போவீர்கள். நீலம் இருந்தால் வட்டத்தின் நடுவில் ஒரு விடை, ஓரத்தில் ஒரு விடை. துடிப்பு அடங்கவே இல்லை என்றால் பெரும்பாலும் திரைதான் காரணம்: எல்சிடி (திரவப் படிக) திரை ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்கு மாறத் தாமதிக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று ஃபிரேம் வைத்து வேகத்தை 10 சுற்றுக்குக் குறைத்துப் பாருங்கள்.

எச்சரிக்கை: இந்த வேகத்தில் மினுக்கல் வலிப்பைத் தூண்டக்கூடும். வலிப்பு வரலாறு உள்ளவர்களை இதில் உட்கார வைக்கவே கூடாது. தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

துடிப்பு அடங்கிய மதிப்பை எடுத்து இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், செறிந்த சிவப்போ நீலமோ இன்னும் வெளிச்சமாகத் தெரியும். பிழை என்று நினைத்துத் திருத்த வேண்டாம். ஹெல்ம்ஹோல்ட்ஸ்–கோல்ராஷ் விளைவு என்று பெயரே இருக்கிறது.

கண் பரிசோதனை செய்பவர்:

திரையை விட்டுவிட்டு நிறக்குறையைக் கண்டறியும் இஷிஹாரா தகடுகளைப் (நிறப்புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் படங்கள்) பற்றி ஒரு வார்த்தை. 75 செ.மீ. தொலைவு, பார்வைக்குச் செங்குத்தாகத் தகடு, ஒவ்வொன்றுக்கும் 3 நொடி, பகல் வெளிச்சம். குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் பச்சை நிறத்தைப் பிரித்தறிவதில் குறை உள்ள சிலர் தேறிவிடுவார்கள். வெயில் நேராகவும் விழக்கூடாது. விரலால் தடவிக் காட்டச் சொல்லாதீர்கள், மை கெடும். புத்தகத்தை மூடியே வையுங்கள். கைபேசியில் காட்டும் தகடுகளை நம்ப வேண்டாம். திரை நிறம் தகட்டின் மை நிறம் அல்ல. வண்ணக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். நீலம்–மஞ்சள் குறையை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு ஃபார்ன்ஸ்வொர்த்–மன்செல் வரிசைப்படுத்தும் சோதனை வேண்டும். பெயரில் 100 இருந்தாலும் நகர்த்தும் வில்லைகள் 85தான், நான்கு பெட்டிகளில் வரும். கையுறை போட்டுத் தொடச் சொல்லுங்கள்.

சாயமும் அச்சும் பார்ப்பவர்:

பாரிஸில் சித்திரத் திரைச்சீலை நெய்யும் கோபெலின் ஆலையில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரூலிடம் வந்த புகார் இன்றைக்கும் வருகிறது: ‘கறுப்பு சரியில்லை, மங்கல்.’ அவர் நூலைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. நீலமும் ஊதாவும் சூழ்ந்த இடத்தில் நெய்ததால்தான் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஆகவே மாதிரியை வாடிக்கையாளரிடம் தனியாகக் காட்டாதீர்கள். அது கடைசியில் எந்த நிறத்துக்கு அருகில் வரப்போகிறதோ அதோடு சேர்த்து, நடுத்தரச் சாம்பல் பின்னணியில் காட்டுங்கள். அச்சைப் பார்க்க 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற ஒளி) தர விளக்குப் பெட்டி வேண்டும். பிறகு வேறொரு விளக்கின் கீழும் பாருங்கள்: ஒரு விளக்கில் ஒட்டிப் பொருந்திய இரண்டு சாயம் இன்னொன்றில் பிரிந்து நிற்கும். பக்கத்தில் நிற்பவரின் சிவப்புச் சட்டைகூடப் பளபளப்பான தாளில் சாயலடிக்கும்.

அளவீட்டுப் பக்கத்தில் இருப்பவர்:

சட்டை விஷயம் திரைச் சோதனைக்கும் உண்டு. அறையை இருட்டாக்கி, கறுப்புத் துணி போடுங்கள். ஆனால் இருட்டறையில் மங்கல் ஒளியை அளக்கப் போகிறீர்கள் என்றால் காத்திருப்பு கட்டாயம். விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் இருட்டுக்குப் பழகிவிடும், மங்கல் ஒளியில் பார்க்கும் குச்சி செல்களுக்கு அரைமணி நேரத்துக்குமேல் ஆகும். நடுவே யாராவது கைபேசியை ஒளிரவிட்டால் கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடவிடுங்கள். குறிப்பெடுக்க வெளிச்சம் வேண்டுமானால் மங்கலான அடர்சிவப்பு விளக்கு போதும், குச்சி செல்களை அது அவ்வளவாகத் தொடாது.