செல்களை இணைக்கும் நானோகுழாய்கள் அறுந்துவிடுகின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே பாலம் போல நீளும் சவ்வுக் குழாய்களைப் படம்பிடிக்கிறேன். 2004-ல் பிசி12 (எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்த, ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வகை) செல்களில் விவரிக்கப்பட்டவை. தடிமன் பெரும்பாலும் 50 முதல் 200 நானோமீட்டர்தான், உள்ளே ஆக்டின் என்ற புரத இழை. உயிருள்ள செல்களில் அருமையாகத் தெரிகின்றன. ஒரு மைட்டோகாண்ட்ரியா குழாய் வழியே மெல்ல ஊர்ந்து பக்கத்துச் செல்லுக்குள் போனதைப் பார்த்ததும் சிலிர்த்துவிட்டது! ஆனால் செல்களை அப்படியே நிலைநிறுத்த ஃபார்மால்டிஹைடு ஊற்றியதும் குழாய்களில் பாதிக்கு மேல் அறுந்துவிடுகின்றன. இன்னும் வலுவாக நிலைநிறுத்தும் குளூட்டரால்டிஹைடு கொஞ்சம் சேர்த்தால் தாங்குமா? எந்த அளவில்? கழுவும்போது எப்படிக் கையாளுகிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. ஃபிலோபோடியாவிலிருந்து (செல் விரல் போல நீட்டும் மெல்லிய நீட்சிகள்) பிரித்தறிய, குழாய் தட்டின் அடிப்பரப்பைத் தொடாமல் மிதக்கிறதா என்று அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்க்கிறேன். அது மட்டும் போதுமா, இல்லை ஏதாவது பொருள் கடந்து போவதையும் காட்ட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.