வயதில் மூத்த சிப்பாய் பேச்சைக் கேட்பதில்லை, செக்‌ஷனை எப்படி நடத்துவது?

தென்காசி நாயக்:
வணக்கம் அண்ணன்மார்களே. காலாட்படையில் நாயக்காக (சிப்பாய்க்கு மேல், ஹவில்தாருக்குக் கீழ்) இருக்கிறேன். செக்‌ஷன் கமாண்டர் ஹவில்தார் கோர்ஸுக்குப் போயிருப்பதால் செக்‌ஷன் இப்போது என் பொறுப்பு, மொத்தம் பத்துப் பேர். அதில் ஒரு சிப்பாய் என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஏ.சி.பி. நாயக், அதாவது சர்வீஸ் வருடக் கணக்கில் நாயக் சம்பளம் மட்டும் வாங்குபவர். சம்பளம் எனக்குச் சமம், கையில் பதவிப் பட்டை மட்டும் கிடையாது.

மாட்டேன் என்று வாயால் சொல்லமாட்டார். ஃபால்-இன் விசில் அடித்து எல்லாரும் நின்ற பிறகுதான் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வருவார். பின்னிரவு இரண்டு மணி கார்ட் டியூட்டி போட்டால் பக்கத்துக் கட்டில் பையனிடம் மாற்றிக்கொள்வார், எனக்குச் சொல்லமாட்டார். போன வாரம் ஆயுதம் துடைக்கும்போது அவர் ரைஃபிளின் பேரலைப் பார்க்கக் கேட்டேன். "நான் சியாச்சின்ல நின்னப்ப நீ எட்டாவது படிச்சுட்டு இருந்த" என்றார். புல்த்ரூவை (பேரல் துடைக்கும் கயிறு) மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த அக்னிவீர் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. ரிப்போர்ட் கொடுக்கவும் மனம் வரவில்லை. பதினைந்து வருடம் முடிந்து பென்ஷன் வர அவருக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி.

ஓய்வு பெற்ற சுபேதார்:
தம்பி, சட்டம் உன் பக்கம் இருக்கிறது. ராணுவச் சட்டம் 1950-இல் மேலதிகாரி என்றால் என்.சி.ஓ.வும் (நாயக், ஹவில்தார் போன்றவர்கள்) சேர்த்திதான். பிரிவு 41-இன்படி கட்டளையை மீறினால், களப்பணியில் 14 ஆண்டு வரை, மற்ற நேரத்தில் 5 ஆண்டு வரை சிறை. இதை அவரிடம் சொல்லிக்காட்டாதே, அவருக்குத் தெரியாததல்ல. பிரிவு 47 உனக்கானது: கீழே உள்ளவரைத் துன்புறுத்தும் என்.சி.ஓ.வுக்கு 7 ஆண்டு வரை. கோபத்தில் கை நீட்டுவதோ, பிட்டூ (முதுகுச் சுமை) மாட்டி ஓடவிடுவதோ வேண்டவே வேண்டாம்.

முதல் வேலையாக பிளாட்டூன் சாஹிப்பிடம் (பிளாட்டூனுக்குப் பொறுப்பானவர்) போய், இவருக்கு ஏன் பிரமோஷன் வரவில்லை என்று கேள். கேடரில் (பதவி உயர்வுக்கான பயிற்சி) தேறாதவர், மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கியவர், ரெட் இங்க் என்ட்ரி (தண்டனைப் பதிவு) வாங்கியவர் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. எட்டு வருடத்தில் சம்பளம் உயர்ந்துவிடுகிறது, அதிகாரம் வருவதில்லை. தன்னைவிடச் சின்னவன் பட்டை போட்டு வந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறார்.

அப்புறம் பேசு. பையன்கள் முன்னால் வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பேரக்குக்கு வெளியே கூட்டிப் போய் இரண்டே விஷயம் பேசு. "அண்ணே, டியூட்டி மாத்தணும்னா எங்கிட்ட வாங்க, முடிஞ்சா மாத்தித் தரேன். போஸ்ட்ல ஏதாவது ஆயிட்டா பட்டியல்ல இருக்கிறது உங்க பேரு. அந்தப் பையன் இல்ல, நீங்கதான் பதில் சொல்லணும்." அடுத்தது பேரல். தினமும் பத்துப் பேருடையதையும் பார், உன்னுடையதை முதலில் காட்டு. சியாச்சின் பேச்சுக்குப் பதில் சொல்லாதே. அது அவர் சம்பாதித்த கௌரவம்.

எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) ஸ்டாப்பேஜ் பாடத்தை அவரிடம் கொடு. சுடும்போது கன் நின்றுபோனால் எப்படிக் காக் செய்வது, மேகஸினை எடுத்துவிட்டு சேம்பரில் எதைப் பார்ப்பது என்று அக்னிவீர் பையன்களுக்கு அவர் கற்றுக்கொடுக்கட்டும். ஆனால் அந்தக் கட்டளை ஃபால்-இன்னில், எல்லார் முன்னாலும், உன் வாயிலிருந்து வரவேண்டும்.

சிப்பாயாகவே ஓய்வு பெற்றவன்:
அவர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். முட்டி போய் கேட்டகரி இறங்கியதால் கேடருக்கு அனுப்பவில்லை. லீவில் ஊருக்குப் போனால், "இன்னும் சிப்பாய்தானா?" என்பார்கள். அந்தக் கசப்போடுதான் திரும்பி வருவோம். எங்களுக்கு வந்த சின்ன வயது கமாண்டர் வேலையில் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் லீவ் பிளான் போடும்போது, என் மகளுக்குப் பொதுத்தேர்வு எந்த மாதம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. அவர் சொல்லி நான் செய்யாத வேலை கிடையாது.

சிக்னல்ஸ் ஹவில்தார்:
சுபேதார் சாஹிப் சொன்னது எல்லாம் சரி. டியூட்டி விஷயத்துக்கு மட்டும் காத்திருக்காதே தம்பி. இன்றே பிளாட்டூன் சாஹிப் காதில் போட்டு வை. பேசிய பிறகும் மாற்றினால் சி.எச்.எம். (கம்பெனி ஹவில்தார் மேஜர்) வழியாக கம்பெனி கமாண்டர் முன் மார்ச்-அப்தான், அதாவது விசாரணைக்கு நிறுத்துவதுதான். அது அவருக்குச் செய்யும் துரோகம் இல்லை. தூங்குகிறவர்களின் உயிர் அந்தப் போஸ்ட்டில் இருக்கிறது.

தென்காசி நாயக்:
பிளாட்டூன் சாஹிப்பிடம் கேட்டேன். கேடருக்குப் பெயர் வந்த சமயம் அவர் அப்பா இறந்து லீவில் போய்விட்டாராம். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் காது கேட்டகரி ஆகிவிட்டது. வலது காது மந்தம். செக்‌ஷனில் யாருக்குமே தெரியாது.

ஓய்வு பெற்ற சுபேதார்:
அப்படியானால் அந்தப் பாடத்தை ரேஞ்சில் வைக்காதே, பேரக்கில் டம்மி ரவுண்ட் வைத்து நடத்தச் சொல். ஃபால்-இன் விசில் அவருக்குக் கேட்கிறதா என்று பார். காது மந்தமானவரைப் பின்னிரவில் தனியாகக் காவல் நிறுத்தலாமா என்பதை அவர் மெடிக்கல் பேப்பரில் பார்த்து, சாஹிப்பிடம் கேட்டுவிட்டு அடுத்த பட்டியலை எழுது. அவர் டியூட்டியை ஏன் மாற்றுகிறார் என்று நீ இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. இன்றிரவு பேசும்போது அதை முதலில் கேள்.