பொருள்: மாதிரி ரயில் கையேடு – 'ப்ரோட்டோடைப்' என்பதற்கு என்ன சொல்?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வீட்டில் லேஅவுட் (பலகை மேல் அமைக்கும் மாதிரி ரயில் பாதை) போடுகிறவர் எந்த ரயில்வேயைப் பார்த்துப் போடுவது என்பதுதான் விஷயம். இந்தத் துறையில் ப்ரோட்டோடைப் என்றால் நிஜத்தில் ஓடும் ரயில்வே. அகராதிகள் 'முன்மாதிரி' என்கின்றன. 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியைப் பற்றி "1:87-ல் மாதிரியின் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., முன்மாதிரியில் 1435 மி.மீ." என்று எழுதினால் இரண்டையுமே பொம்மை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பொறியியலில் முன்மாதிரி என்பது உற்பத்திக்கு முன் செய்து பார்க்கும் சோதனை வடிவம். வேறு சொல் தாருங்கள்.

நா. எழுதியது:

நூல் வகைகளுக்கு நன்னூல் சொல்லும் பெயர்களே தயாராக இருக்கின்றன: முதல், வழி, சார்பு. நிஜ ரயில்வே முதல். அதைத் தழுவி, அறைக்குத் தக்கபடி சில மாற்றங்களோடு அமைப்பது வழி. பெயரும் வண்ணமும் கற்பனையாக வைத்துக்கொண்டு, எஞ்சின் வகையையும் சிக்னல் முறையையும் மட்டும் ஒரு நிஜ ரயில்வேயிலிருந்து எடுத்துக்கொள்வது சார்பு. எனவே முதற்பாதை, வழிப்பாதை, சார்புப்பாதை.

இ. எழுதியது:

வழியும் பாதையும் ஒன்றுதானே ஐயா? அதோடு யார்டு பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தில் "முதல் பாதையில் சரக்குப் பெட்டிகளை நிறுத்துங்கள்" என்று வருகிறது. எந்த முதல்?

நா. எழுதியது:

பிரித்து எழுதினால் எண், சந்தியோடு 'முதற்பாதை' என்றால் கலைச்சொல். லகரம் றகரமாவது எதற்கு இருக்கிறது?

இ. எழுதியது:

ஒருவர் வாசிக்க மற்றவர் பெட்டியைத் தள்ளும்போது அந்த றகரம் எத்தனை பேர் காதில் விழும்?

கு. எழுதியது:

மூலபாடம், மூலப்பிரதி எல்லாம் பழகிய சொற்கள். 'மூலம்' போதாதா? கூடவே ஒன்று: கையேடு முழுக்க 'ரயில்' என்று இருக்கிறது. 'தொடரி' ஆக்கலாமே.

இ. எழுதியது:

"உங்கள் மூலத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி" என்று தலைப்பு வைத்தால் வாசகர் மருத்துவக் குறிப்பு என்று நினைப்பார். தொடரி வேண்டாம், பெட்டியில்லாத ஒற்றை எஞ்சின் எதைத் தொடர்கிறது?

வ. எழுதியது:

எந்தச் சொல்லானாலும் அத்தியாயத்தின் வாக்கியங்களில் இடறாமல் உட்கார வேண்டும். அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

அத்தியாயம் சொல்வது இது: எந்த ரயில்வே என்ற தேர்வை முடிவு செய்வது பெரும்பாலும் வளைவு. நம்பி ஓட்ட வேண்டுமானால் ஆரம், மிக நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அமெரிக்காவின் 85 அடிப் பயணிகள் பெட்டி 1:87-ல் சுமார் 298 மி.மீ. வரும், ஆரம் 890 மி.மீ.க்கு மேல். ரயிலை அரைவட்டம் திருப்பவே பலகை 1.9 மீட்டர் அகலம் கேட்கும். 40 அடிச் சரக்குப் பெட்டி 140 மி.மீ.தான், 420 மி.மீ. ஆரம் போதும். ஆரம் குறைந்தால் பெட்டியின் முனை வெளியே தள்ளும், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் பக்கவாட்டில் இழுபடும், இலேசான பெட்டி தடம் புரளும். சின்ன அறைக்காரர் விரைவு ரயில்களை மறந்துவிட்டு ஒரு சரக்குக் கிளைப்பாதையைப் பிடிப்பதே நல்லது.

மலைப்பாதைகள் இன்னும் தோது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மீட்டர்கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். அதன் லாண்ட்வாசர் பாலம் 100 மீட்டர் ஆர வளைவில், 65 மீட்டர் உயரத்தில், 136 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. 1:87-ல் ஆரம் 1.15 மீட்டர், உயரம் 75 செ.மீ., நீளம் 1.56 மீட்டர். வெட்டிச் சுருக்காமல் ஓர் அறைக்குள் அடங்கும்! நீலகிரிப் பாதையும் மீட்டர்கேஜ்தான், ஆனால் 12 மீட்டருக்கு 1 மீட்டர் வரை ஏற்றம். எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்தண்டவாளத்தையும் செய்யாவிட்டால் மாதிரி எஞ்சின் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்திய அகலப்பாதையில் சிக்கல் வேறு. 1676 மி.மீ. என்பது 1:87-ல் 19.3 மி.மீ. கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5. அதிலேயே ஓட்டினால் பெட்டி ஒடுங்கிய காலில் நிற்பதுபோல் தெரியும். சரியாகச் செய்வதென்றால் அச்சுகளை மாற்றி, அவற்றைத் தாங்கும் போகிச் சட்டங்களை அகட்டி, ரயில் தடம் மாறும் பாயிண்ட் ஒவ்வொன்றையும் கையால் கட்ட வேண்டும். வாங்கும் முன்பே வாசகருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் எழுத வேண்டிய வாக்கியம்: "அசலில் 1676, மாதிரியில் 16.5." யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

நா. எழுதியது:

அசல் அரபுச் சொல்.

கு. எழுதியது:

இல்லை, தமிழே. அயலூர் அசலூர் ஆகவில்லையா? உயிர் உசிர் ஆவதுபோல யகரம் சகரமாகிறது.

நா. எழுதியது:

அப்படியானால் 'அசல் பாதை' என்பது பக்கத்து ஊர்ப் பாதை. வாழ்க. அரபியாக இருந்தபோதாவது பொருள் சரியாக இருந்தது.

வ. எழுதியது:

முதலும் வட்டியும் என்கிறோம், அசலும் வட்டியும் என்கிறோம். இரண்டும் ஒரே கடைச் சரக்கு. இதில் சண்டை எதற்கு?

செ. எழுதியது:

இ., வ. இருவரும் அசல் பக்கம். கு. தம் வேர்ச்சொல்லை முன்னிட்டு அசலுக்கு வந்துவிட்டார். அசல் என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'அசல் ரயில்வே', பிறகு வெறும் 'அசல்'. ரயில் ரயிலாகவே இருக்கட்டும். பாதிக் கற்பனைக்கு 'சார்புப்பாதை' நன்றாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன்.

நா. எழுதியது:

முதலைத் தள்ளிவிட்டுச் சார்பை மட்டும் வைத்துக்கொள்வது எந்த இலக்கணம்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.