விருந்தினர் சாக்ஸபோன் ஐந்தாவது ட்ராக்கில்தான் வருகிறது: சானி ரோலின்ஸும் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டும்

மழைச்சத்தம் எழுதியது:

ஜாஸ் கேட்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. சாக்ஸபோன் கலைஞர் சானி ரோலின்ஸின் 'சாக்ஸபோன் கொலாசஸ்' ஆல்பம் கேட்டதிலிருந்து அவர் வாசித்ததையெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவின் 'அட் மியூசிக் இன், வால்யூம் 2'. விருந்தினர் சானி ரோலின்ஸ் என்று போட்டிருந்தது. ஆவலோடு உட்கார்ந்தேன். முதல் ட்ராக் போயிற்று, இரண்டாவது போயிற்று, நான்கும் முடிந்துவிட்டது. சாக்ஸபோனைக் காணவே காணோம். வேறு ஏதோ பதிவைப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஐந்தாவதில் வந்தார். வந்ததும் வேறொரு குழப்பம். அதுவரை தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உரக்கப் பேசுவது போல இருந்தது. குழுவின் வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகளைக் கோலால் அடித்து வாசிக்கும் கருவி) அவ்வளவு மென்மை, இவர் அவ்வளவு முரடு. இந்தக் கூட்டணியைப் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு எதையோ கேட்கத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய தட்டு எழுதியது:

உங்கள் பதிவு சரியானதுதான். ஆறு ட்ராக்கில் கடைசி இரண்டில் மட்டும்தான் ரோலின்ஸ்: 'பேக்ஸ் குரூவ்', 'எ நைட் இன் டுனீஷியா'. 1958 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸ் ஊரில் இருந்த மியூசிக் இன் விடுதியில் பதிவானது. வால்யூம் 1-இல் ஜிம்மி ஜூஃப்ரி கிளாரினெட்டோடு விருந்தாளியாக வந்தார், அது 1956. கேட்டுப் பாருங்கள், அவர் அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்.

வெண்கலக்குழல் எழுதியது:

நான் டெனர் சாக்ஸபோன் வாசிப்பவள். மேடைக்காரி இல்லை, வார இறுதிகளில் நாலைந்து பேர் கூடி வாசிப்போம். இந்த 'பேக்ஸ் குரூவ்' ஸோலோவைக் காதால் கேட்டே எழுதி எடுத்திருக்கிறேன், நான்கு மாதம் பிடித்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் என்பது சரி. எனக்கும் முதலில் அப்படித்தான் கேட்டது. ஆனால் அது யாருடைய வீடு என்று பாருங்கள். குவார்ட்டெட்டின் தனி அடையாளம் பியானோக்காரர் ஜான் லூயிஸின் எழுத்து. முன்னதாகவே நெய்து வைத்த துணி மாதிரி இருக்கும். இதே ஆல்பத்தில் 'மிட்ஸம்மர்' அப்படிப்பட்டது. அதிலெல்லாம் ரோலின்ஸை உட்கார வைக்கவில்லை. அவருக்காக எடுத்த இரண்டையும் பாருங்கள். 'பேக்ஸ் குரூவ்' வைப்ரஃபோன்காரர் மில்ட் ஜாக்சனின் புளூஸ். பேக்ஸ் என்பதே ஜாக்சனின் செல்லப்பெயர். பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்), திரும்பவும் பன்னிரண்டு பார், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மற்றது டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியுடையது. ஜாக்சனும் லூயிஸும் 1946-இல் கில்லெஸ்பியின் பெரிய பேண்டில் வாசித்தவர்கள், குவார்ட்டெட்டின் வேரே அங்கேதான். டக்ஸீடோ அணிந்து கச்சேரி அரங்கில் நின்றதெல்லாம் பிற்பாடு. ரோலின்ஸ் உரக்கப் பேசியது அவர்கள் எல்லாரும் வளர்ந்த பழைய வீட்டில்.

அப்புறம் சத்தம். வைப்ரஃபோனில் கட்டையை அடித்ததும் ஒலி உடனே போய்விடாது. கீழே குழாய்களின் வாயில் சிறு தகடுகள் மோட்டாரில் சுழல்கின்றன, அதனால்தான் அந்த அலை. ஜாக்சன் மோட்டாரை மெதுவாக ஓடவிடுவார். அவர் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டுப் போன பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் சாக்ஸபோனும் நீட்டி நீட்டி வாசித்தால் எல்லாம் குழைந்துவிடும். ரோலின்ஸ் நாக்கால் ரீட்டை (ஊதும் வாயில் உள்ள நாணல் பட்டை) தொட்டு ஸ்வரத்தை நறுக் நறுக்கென்று வெட்டுகிறார். நீங்கள் முரடு என்று சொன்னது இந்த வெட்டுதான் என்று நினைக்கிறேன். நானும் அந்த வெட்டை வெறும் அதிரடி என்று நினைத்து, அப்படியே எங்கள் குழுவில் வாசித்தேன். எடுபடவில்லை. வெட்டிய பிறகு அவர் விடுகிற மௌனத்தை நான் விடவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் மற்ற நான்கு பேரும் நம் காதில் விழுகிறார்கள், பெர்சி ஹீத்தின் பாஸும் சேர்ந்து. இது புரிய எனக்கு அந்த நான்கு மாதமும் வேண்டியிருந்தது.

இன்னொன்று. 1957-லும் 1958 தொடக்கத்திலும் ரோலின்ஸ் பியானோவே வேண்டாமென்று பாஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். 'வே அவுட் வெஸ்ட்', வில்லேஜ் வான்கார்ட் கிளப் பதிவு, 'ஃப்ரீடம் சூட்' எல்லாம் அந்த வகை. பியானோக்காரர் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) போட்டுவிட்டால் போகும் திசை தீர்மானமாகிவிடுமே. அப்படி ஒதுங்கி நின்றவர் இங்கே பியானோ, வைப்ரஃபோன் என்று கார்ட் போடக்கூடிய இரண்டு கருவிகளுக்கு நடுவில் நிற்கிறார். நெரிசலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. காரணம் ஜான் லூயிஸ். அவர் பின்னால் கார்டுகளை அள்ளிக் கொட்டுவதில்லை. ஒற்றை விரலில் வாசிப்பது போலச் சின்னச் சின்ன வரிகள், அவையே தனியாக ஒரு மெட்டு. ஒரே ஒரு தடவை ரோலின்ஸை மறந்துவிட்டு லூயிஸின் வலது கையை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அன்று என் காதே மாறிப்போன மாதிரி இருந்தது.

ரோலின்ஸ் ஒரு குட்டிச் சொற்றொடரை எடுத்து, திருப்பி, பாதியில் நிறுத்தி, வேறு இடத்தில் முடிப்பார். உங்களுக்குப் பிடித்த 'சாக்ஸபோன் கொலாசஸ்' ஆல்பத்தின் 'புளூ 7' பற்றி இதைத்தான் இசையமைப்பாளரும் விமர்சகருமான குந்தர் ஷுல்லர் 1958 நவம்பரில் விரிவாக எழுதினார். கொடுத்த மெட்டை விடாமலே கற்பனை செய்வது. லூயிஸின் வேலையும் அதுதான், அவர் தாளில் எழுதுகிறார், இவர் நின்ற இடத்தில் செய்கிறார். நான் இந்த ஆல்பத்தை விடாமல் கேட்பதற்குக் காரணம் இதுதான். குணத்தில் இத்தனை தூரம், வேலையில் இத்தனை நெருக்கம்.

ஆழ்குரல் எழுதியது:

வெண்கலக்குழல் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் இவர்கள் சேர்ந்ததில் எனக்கு 1953-தான். அக்டோபர் 7, பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்காக நான்கு ட்ராக். டிரம்ஸ் கென்னி கிளார்க். அவர் இடத்துக்குக் கானி கே வந்தது 1955-இல். ரோலின்ஸுக்கு அப்போது 23 வயது. 'இன் எ சென்டிமென்டல் மூட்' கேளுங்கள், உரத்த பேச்சே இல்லை. அங்கே அவர் தலைவர், குவார்ட்டெட் பக்கபலம். 1958-இல் அது தலைகீழ்.

ஒரு எச்சரிக்கை: அந்த 1953 பதிவு 'சானி ரோலின்ஸ் வித் த மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்' என்ற பெயரில் வந்தாலும் குவார்ட்டெட் இருப்பது அந்த நான்கில் மட்டும். மீதியெல்லாம் 1951 பதிவுகள், பாஸில் பெர்சி ஹீத் தவிர வேறு ஆட்கள். ஒன்றில் மைல்ஸ் டேவிஸ் பியானோ வாசிக்கிறார்!

முரடே பிடிக்காதென்றால் 1971 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க் டவுன் ஹாலில் இதே குவார்ட்டெட்டோடு பால் டெஸ்மண்ட் வாசித்தது இருக்கிறது. ஆல்ட்டோ சாக்ஸபோன், பட்டு மாதிரி.

மழைச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு 'பேக்ஸ் குரூவ்' நான்கு தடவை கேட்டேன். வெண்கலக்குழல் அக்கா, நீங்கள் சொன்னபடி முதல் தடவை லூயிஸை மட்டும் பிடித்துக்கொண்டேன். ரோலின்ஸ் நிறுத்தும் இடங்களில் பியானோ ஏதோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது, எனக்குத்தான் இத்தனை நாள் கேட்கவில்லை. முரடு என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். டுனீஷியா மட்டும் இன்னும் பிடிபடவில்லை, அதில் எங்கேயோ தொலைந்துபோகிறேன்.

வெண்கலக்குழல் எழுதியது:

தம்பி, டுனீஷியாவில் பாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெர்சி ஹீத் உங்களைத் தொலைய விடமாட்டார். அது பழகியதும் 1962-இல் வந்த 'த பிரிட்ஜ்' ஆல்பத்துக்குப் போங்கள். லெனாக்ஸுக்கு மறு வருடம் ரோலின்ஸ் மேடையையே விட்டுவிட்டு நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று தனியாகச் சாதகம் செய்தார், 1961 வரை. திரும்பி வந்தபோதும் பியானோ கிடையாது, ஜிம் ஹாலின் கிட்டார்தான். அந்தக் கிட்டாரும் லூயிஸ் மாதிரியே குறைத்துப் பேசும். நீங்கள் கேட்டுவிட்டு எழுதுங்கள், நானும் இன்று இரவு திரும்பக் கேட்கிறேன்.