'இம்மினன்ட்' – நாளை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் வேண்டும்

கடலூர் முதுநகரிலிருந்து:
வணக்கம். மீனவர் குப்பங்களுக்கான புயல் எச்சரிக்கைத் துண்டறிக்கை நாளை மாலை அச்சுக்குப் போகிறது. 'இம்மினன்ட் டேஞ்சர்', அதாவது இதோ வந்து விழப்போகிற ஆபத்து, என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ் தெரியாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 'வரவிருக்கும் ஆபத்து' என்றால் அடுத்த மாதத் தேர்த்திருவிழா மாதிரி இருக்கிறது. 'உடனடி ஆபத்து' என்று போட்டால் அடுத்த வரியிலேயே 'உடனடி நடவடிக்கை' வருகிறது. யாராவது கைகொடுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
இதற்குப் போய்த் தவிப்பானேன் தம்பி? இனி நடக்கப்போவதை இறந்தகாலத்தில் சொன்னால் விரைவுப் பொருள் என்று தொல்காப்பியர் வினையியலிலேயே சொல்லிவிட்டார். நன்னூலும் 'விரைவினும் மிகவினும் தெளிவினும்' என்று தொடங்கி அதை வழிமொழிகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்காமலே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அதுதான். 'ஆபத்து வந்துவிட்டது' என்று எழுதுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
ஐயா சொல்வது இலக்கணத்துக்குச் சரி. ஆனால் நம் கலைச்சொல் பட்டியலில் ஒரு வாக்கியத்தையா போடுவது? இலத்தீனில் 'இம்மினன்ட்' என்பதன் வேருக்கு 'மேலே கவிந்து தொங்குதல்' என்று பொருள். நம்மிடம் 'ஞால்' இருக்கிறது. ஞாலுதல், நாலுதல் இரண்டும் தொங்குதலே. யானைக்கு நால்வாய் என்று பேர் வந்தது தொங்கும் வாயால். (நான்கு வாய் என்பாரோடு எனக்குத் தனி வழக்கு இருக்கிறது.) ஆகவே 'ஞாலிடர்'.

தேவனாம்பட்டினத்திலிருந்து:
ஞாலிடர் என்று மைக்கில் கத்தினால் இங்கே ஒருவரும் வலையைக்கூடச் சுருட்டமாட்டார்கள். 'எத்தனாம் நம்பர் கூண்டு?' என்றுதான் கேட்பார்கள். 10 என்றால் புயல் துறைமுகத்தின் மேலாகவோ பக்கத்திலோ கடக்கப்போகிறது என்று தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்குப் பொழிப்புரை வேண்டாம். 'நெருங்கிவிட்ட ஆபத்து' போதும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
புயல் நெருங்கும், சரி. இடிந்து விழப்போகிற சுவர் எங்கே நெருங்குகிறது? அது நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. 'நெருங்கிய' என்பது தூரம். நமக்கு வேண்டியது நேரம். ஞால் புயலுக்கும் பொருந்தும், சுவருக்கும் பொருந்தும்.

கடலூர் முதுநகரிலிருந்து:
ஐயோ, துண்டறிக்கையில் பழைய சுவர் பற்றியும் ஒரு வரி இருக்கிறதே!

நெல்லிக்குப்பத்திலிருந்து:
'விழும் தறுவாயில் உள்ள சுவர்.' வழக்கில் உள்ள நல்ல சொல். 'தறுவாய் ஆபத்து' என்று மட்டும் ஒட்டிவிடாதீர்கள், ஒட்டாது.

கடலூர் முதுநகரிலிருந்து:
அச்சகத்திலிருந்து போன் மேல் போன். புயலுக்கு 'நெருங்கிவிட்ட ஆபத்து', சுவருக்கு 'விழும் தறுவாயில்'. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ். இப்போதைக்கு இப்படியே போகட்டும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:
'நெருங்கிவிட்ட' இறந்தகாலம்தானே? அப்புறம் என்ன, தொல்காப்பியர் சொன்னபடிதான் முடிந்திருக்கிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து:
முடியவில்லை. துண்டறிக்கை போகட்டும், பட்டியலில் ஞாலிடரை என் மாற்றுக்கருத்தாகப் பதிந்து வையுங்கள். நால்வாய்க்கும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.